துருவ முயலைத் தேடிப் பார்ப்பது எப்படி? முதன்முறை போகிறவர்களுக்கான செய்முறை

துருவ முயலைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களில் பெரும்பாலோர் பனிக்காலப் படங்களைக் கண்டு மயங்கியவர்கள். வெள்ளைப் பனியில் வெள்ளை முயல், இரண்டு கறுப்புக் காதுநுனிகள். படத்துக்கு அழகுதான். முதன்முறை போகிறவர் அந்தக் காட்சியைத் தேடிப் புறப்பட்டால் கண்வலிதான் மிச்சம். நான் சொல்வது நேர்மாறானது: கோடையில் போங்கள். வடக்கே வாழும் துருவ முயல்கள் பனி உருகிய பிறகும் வெள்ளையாகவே இருக்கின்றன. பச்சையும் பழுப்புமான தரையில் அவை ஒளிய முடிவதில்லை.

முதல் படி: எந்த முயல் என்று முடிவு செய்யுங்கள்

குளிர்நாடுகளில் வெள்ளையாகும் முயல்கள் பல உண்டு. ஸ்காண்டிநேவியா, ரஷ்யா, ஸ்காட்லாந்து ஆகிய இடங்களில் இருப்பது மலை முயல். அலாஸ்காவின் மேற்குக் கரையில் இருப்பது அலாஸ்கா முயல். வட அமெரிக்கக் காடுகளில் ஓடுவது பனிக்கால் முயல். நாம் தேடும் துருவ முயலின் அறிவியல் பெயர் லெபஸ் ஆர்க்டிகஸ். கிரீன்லாந்து, கனடாவின் வடதீவுகள், லாப்ரடார், நியூஃபவுண்ட்லாந்து ஆகியவையே இதன் நாடு. ஐஸ்லாந்திலும் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளிலும் இது கிடையாது. துருவச் சுற்றுலா என்றதும் பலர் அங்கேதான் டிக்கெட் எடுக்கிறார்கள்.

நம்மூர்க் காட்டு முயலும் இதே பேரினம்தான். ஆனால் துருவ முயல் உடல் பருத்தது, சாதாரணமாக 3 முதல் 5 கிலோ எடை, காது மட்டும் சிறியது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்பு சிறிதானால் வெப்ப இழப்பும் குறையும். தெற்கே லாப்ரடார், நியூஃபவுண்ட்லாந்து முயல்கள் கோடையில் சாம்பல் பழுப்புக்கு மாறிவிடும். அப்போதும் வால் வெள்ளைதான். எனவே தொடங்குபவர் வடக்கே போவதே நல்லது.

இரண்டாம் படி: இடத்தையும் மாதத்தையும் தேர்ந்தெடுங்கள்

கனடாவின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவில் நூற்றுக்கணக்கான முயல்கள் ஒரே கூட்டமாக மேய்வதைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அங்கே போய்வரும் செலவில் இங்கே ஒரு மனை வாங்கிவிடலாம். நான் பரிந்துரைப்பது மேற்குக் கிரீன்லாந்தின் காங்கர்லுசுவாக். 1941இல் அமெரிக்கர்கள் அமைத்த விமானத்தளத்தைச் சுற்றி உருவான சிற்றூர் இது. இங்கிருந்து பனிப்பாளத்தின் விளிம்புவரை கரடுமுரடான ஒரு சாலை போகிறது. ஊரைவிட்டு ஊருக்கே சாலை இல்லாத கிரீன்லாந்தில் இது பெரிய வசதி. 2024 இறுதியில் தலைநகர் நூக்கில் நீளமான ஓடுபாதை திறந்த பிறகு கோபன்ஹேகன் விமானங்கள் பெரும்பாலும் அங்கேதான் இறங்குகின்றன. பழைய பயணக் குறிப்புகளை நம்பித் திட்டமிட வேண்டாம்.

ஜூன், ஜூலை மாதங்கள் சரியானவை. ஜூலை இரண்டாம் வாரம்வரை சூரியன் மறைவதில்லை. இரவு பத்து மணிக்குமேல் வெயில் சாய்ந்து விழும்போது வெள்ளை உடல் பளிச்சென்று தெரியும். கொசுக்களும் இதே மாதங்களில்தான் வரும். தலையையும் முகத்தையும் மூடும் கொசுவலை இல்லாமல் ஊரைவிட்டு வெளியே கால் வைக்காதீர்கள்.

மூன்றாம் படி: நடப்பதற்கு முன் சரிவைப் படியுங்கள்

தூந்திராவில் மரமில்லை, எல்லாம் திறந்தவெளி, கண்ணுக்கு எட்டியதெல்லாம் தெரியும் என்று நினைத்து நேரே நடக்கத் தொடங்குவார்கள். முயல் உங்களை முதலில் பார்த்துவிடும். அதனால் ஓரிடத்தில் உட்கார்ந்து, பைனாகுலரால் எதிர்ச்சரிவை இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாகப் பார்த்து வாருங்கள். பாறைகள் சிதறிக் கிடக்கும் சரிவு, அதன் அடியில் பச்சைத் திட்டு: இந்த இரண்டும் சேர்ந்த இடம்தான் முயலுக்குப் பிடித்தது. பாறை காற்றையும் வல்லூற்றையும் மறைக்கும். பச்சை வயிற்றை நிறைக்கும். பாறையின் காற்றுப்படாத பக்கத்தில் காதை முதுகோடு படிய வைத்து அது தூங்கும்போது, தூரத்திலிருந்து யாரோ மறந்துவிட்டுப் போன பஞ்சுப் பொதி போலத்தான் இருக்கும். பஞ்சுப் பொதிக்குக் கறுப்பு நுனி இருக்காது, அதைத் தேடுங்கள்.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் முயல் அல்ல. பனித் திட்டு, எலும்பு, வெளிறிய கல் எல்லாம் ஏமாற்றும். சந்தேகம் வந்தால் ஐந்து நிமிடம் கழித்து அதே இடத்தை மறுபடி பாருங்கள்.

நான்காம் படி: தடயம் தேடுங்கள்

துருவ முயலின் உணவில் பெரும்பங்கு துருவ வில்லோ. பெயர்தான் மரம், உயரம் கணுக்காலைத் தாண்டாது. அதன் குச்சிகளைக் குனிந்து பாருங்கள். கத்தியால் சாய்வாக வெட்டியது போன்ற சுத்தமான வெட்டு இருந்தால் முயல் மேய்ந்திருக்கிறது. முனை கிழிந்து பிய்ந்திருந்தால் அது கஸ்தூரி எருதோ கரிபு மானோ தின்றது. அவற்றுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது, பிய்த்துத்தான் தின்ன முடியும். சற்றே தட்டையான உருண்டைப் புழுக்கைகளும் அருகில் கிடந்தால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள்.

சேற்றிலோ பனித் திட்டிலோ கால்தடம் கிடைத்தால், பெரிய பின்னங்கால் தடம் முன்னேயும் சிறிய முன்னங்கால் தடம் பின்னேயும் இருக்கும். தாவும்போது பின்னங்கால் முந்திப் போய் ஊன்றுவதால் இப்படி. சில நேரம் பின்னங்கால் தடம் மட்டுமே வரிசையாகப் போகும். பயப்படாதீர்கள், புதிய விலங்கு எதுவும் இல்லை. துருவ முயல் நிமிர்ந்து நின்று, பின்னங்கால்களால் மட்டுமே தத்திப் போகும் பழக்கமுள்ளது.

ஐந்தாம் படி: நெருங்குங்கள், அல்லது நெருங்கவிடுங்கள்

இதுதான் பலர் கெடுத்துக்கொள்ளும் இடம். கிரீன்லாந்தில் முயலை வேட்டையாடித் தின்கிறார்கள். அதனால் ஊருக்கு அருகிலுள்ள முயலுக்கு மனிதன் என்றால் என்னவென்று நன்றாகவே தெரியும். நேராக அதை நோக்கி நடந்தால் அது கணக்குப் போட்டுவிடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மேட்டைப் பார்த்து ஓடும் விலங்கைத் துரத்துவது வீண்வேலை.

முயலைக் கடந்து வேறெங்கோ போகிறவரைப் போலக் குறுக்காக நடங்கள். முறைத்துப் பார்க்காதீர்கள். அதன் காதுகளைக் கவனியுங்கள். மேய்ச்சலைத் தொடர்ந்தால் இன்னும் சில அடி வைக்கலாம். காதுகள் விறைத்து நின்றால் நீங்களும் நில்லுங்கள். பின்னங்காலில் எழுந்து நின்றுவிட்டால் அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும். உட்கார்ந்தபின் எழாதீர்கள். மேய்ந்துகொண்டே அது உங்கள் பக்கம் வந்தால் உங்கள் அதிர்ஷ்டம். வராவிட்டாலும் அந்தத் தூரத்திலிருந்து பார்த்ததே போதும்.

கோடையில் சாம்பல் நிறக் குட்டி தனியாகக் கிடப்பதைக் கண்டால் தொடவே கூடாது. தாய் கைவிட்டுவிட்டது என்று பரிதாபப்பட வேண்டாம். தாய் 18 முதல் 20 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் பால் கொடுக்க வரும். நீங்கள் அங்கே நிற்பதுதான் நரிக்கு வழிகாட்டும். அந்த நரிகளில் வெறிநோய் உண்டு என்பதால் அவற்றிடமும் விலகியே இருங்கள். கஸ்தூரி எருது எதிர்ப்பட்டால் முயலை மறந்துவிட்டுச் சுற்றிப் போங்கள்.

ஆறாம் படி: கேமரா

கோடையில் கறுத்த தரைமேல் வெள்ளை முயல் இருந்தால் ரோமம் வெளிறிப்போகும். கேமராவின் வெளிச்ச ஈட்டை (exposure compensation) ஒரு படிக்குள் (stop) சற்றுக் குறையுங்கள். பனியில் எடுத்தால் இதற்கு எதிர்மாறு, ஒரு படி கூட்டுங்கள், இல்லையென்றால் பனி சாம்பலாக வரும். 400 மில்லிமீட்டர் லென்ஸ் போதும். வெயில் காயும் பகலில் தரையிலிருந்து எழும் வெப்ப அலை படத்தைக் கலக்கிவிடும் என்பதால் இரவு வெயிலே சிறந்தது.

ஏழாம் படி: எழுதி வையுங்கள்

இடம், நேரம், காற்றின் திசை, எண்ணிக்கை, என்ன தின்றது, எந்தப் பக்கம் போனது என்று குறியுங்கள். எந்தப் பக்கம் போனது என்பது அற்பக் குறிப்பல்ல. முயல்கள் பிறந்த இடத்தைவிட்டு அதிகம் அலைவதில்லை என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2019இல் எல்ஸ்மியர் தீவின் வடமுனையிலுள்ள அலர்ட் ராணுவ நிலையத்தின் அருகே கியூபெக் ஆய்வாளர்கள் முயல்களுக்குச் செயற்கைக்கோள் கழுத்துப்பட்டை மாட்டிவிட்டார்கள். அவற்றில் ஒரு பெண் முயல் 49 நாட்களில் 388 கிலோமீட்டர் போனது.

குறிப்புகளை, யார் வேண்டுமானாலும் தாம் கண்ட உயிரினங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் படத்துடன் ஏற்றலாம். குட்டிகளைப் பார்த்திருந்தால் இடத்தைத் துல்லியமாகக் காட்டாமல் மறைக்கும் வசதி அதில் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.