துரை பங்களா பியானோவில் கிடைத்த இசைத்தாளின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பியானோ, ஆர்மோனியம் பழுது பார்க்கிறேன். தோட்டத்து துரை பங்களாவிலிருந்து பியானோ வந்தால், கூடவே வரும் உட்காரும் பெட்டியின் மூடியைத்தான் முதலில் திறப்பேன். போன வருஷம் அப்படி ஒரு பெட்டியில் ஓரம் அரிபட்ட தாள்கள் கிடைத்தன: 19-ஆம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஜூலியன் எழுதிய ‘பிரிட்டிஷ் ஆர்மி குவாட்ரில்ஸ்’ என்ற நடன இசை.

உங்களுக்கும் இப்படிக் கிடைத்தால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். காய்ந்த மெல்லிய பிரஷ் போதும்.

அப்புறம், ஆண்டைத் தேடி ஏமாற வேண்டாம். அந்தக் காலத்து லண்டன் பதிப்புகளில் பெரும்பாலும் ஆண்டு இருக்காது. பக்கத்தின் அடியில் சின்னதாக ஓர் எண் இருக்கும், எல்லாப் பக்கத்திலும் அதே எண். அச்சுத்தகடுக்குப் பதிப்பகம் கொடுத்த எண் அது. அதே பதிப்பகத்தின், ஆண்டு தெரிந்த வேறு தாள்களின் எண்ணோடு ஒப்பிட்டால் காலம் பிடிபடும். முகவரியும் உதவும்: லண்டன் இசைப் பதிப்பகமான பூசி கம்பெனி 1874-இல்தான் ரீஜெண்ட் தெருவுக்குப் போனது. தாளில் ஹோலஸ் தெரு என்று இருந்தால் அதற்கு முந்தியது.

எழுதியவர் பெயர் தெரிந்ததும் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பில் தேடுங்கள், இணையத்தில் இலவசம். ‘ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’ 1845-இலிருந்தே வந்த பத்திரிகை. பாட்டின் பெயரோடு ‘பேண்ட்’ (band), ‘பால்’ (ball, நடன விருந்து) என்ற சொற்களையும் ஆங்கிலத்தில் சேர்த்துத் தேடுங்கள்.

ஜூலியன் கதை என்னை விடவில்லை. 1812-இல் பிரான்சில் பிறந்தவர். ஊர் இசைச் சங்கத்தார் 36 பேரும் ஞானத்தந்தையாக நிற்க ஆசைப்பட்டதால் 36 பெயர் வைத்தார்களாம். லண்டனில் ஒரு ஷில்லிங் கட்டணத்தில் சாதாரண மக்களுக்குக் கச்சேரி நடத்தினார். பேத்தோவன் இசை என்றால் வெள்ளைக் கையுறை போட்டு, வாத்தியக் குழுவை நடத்த ரத்தினக் கல் பதித்த கோலைப் பிடிப்பார். 1846-இல் இந்தக் குவாட்ரிலை ஆர்க்கெஸ்ட்ராவோடு நான்கு ராணுவ பேண்டையும் சேர்த்து வாசிக்க வைத்தார். கடனில் நொடித்து, 1860-இல் பாரிஸ் பக்கம் மனநல விடுதியில் இறந்தார். இங்கே மலாயாவில் கோலாகங்சாருக்கு ரப்பர் கன்று வந்ததே 1877-இல்தான். இந்த இசை அதற்கும் மூத்தது!

கடைசியாக, தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். குவாட்ரில், நாலு ஜோடி சதுரமாக நின்று ஆடும் ஆட்டம், வழக்கமாக ஐந்து பகுதி. என் தாளில் மூன்றாம் பகுதியில் மட்டும் சுரங்களுக்கு மேலே பென்சிலால் விரல் எண்கள் குறித்திருக்கிறது. ஓர் இடத்தில் 4 அழிக்கப்பட்டு 3 ஆகியிருக்கிறது. அந்த இடத்தை என் மகளை வாசிக்கச் சொன்னேன். அவள் விரலும் 3-க்குத்தான் போனது.