ஒரு மீட்டருக்கு ஒரு கோடி கிலோமீட்டர்: சூரியக் குடும்பத்தை மைதானத்தில் அளந்து வைப்பது எப்படி

பாடப்புத்தகப் படங்களில் சூரியனும் எட்டுக் கோள்களும் ஒரே பக்கத்துக்குள் நெருக்கியடித்து நிற்கும். வரிசையைத் தெரிந்துகொள்ள அது போதும். அளவைத் தெரிந்துகொள்ள உதவாது. படத்தில் சூரியனை 10 செ.மீ. வட்டமாக வரைந்தால், புவி 1 மி.மீ.க்கும் குறைந்த புள்ளியாக, அதே பக்கத்தில் அல்ல, 10.7 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இதை மாணவர்களுக்குப் புரியவைக்க ஒரே வழி, உருவ அளவையும் தூரத்தையும் ஒரே விகிதத்தில் சுருக்கித் தரையில் அளந்து வைத்து, நடக்கவிடுவதுதான். தெர்மாகோல் உருண்டைகளைக் கம்பியில் கோத்துச் செய்யும் மாதிரி மேசையில் அழகாக இருக்கும், ஆனால் படத்தில் உள்ள அதே தவறைத்தான் அதுவும் சொல்லித்தரும்.

விகிதம்

ஆயிரம் கோடியில் ஒரு பங்காகச் சுருக்குங்கள். தமிழில் எண்ணுபவர்களுக்கு இது மிக வசதி: 1 மீட்டர் என்றால் 1 கோடி கி.மீ., 1 மி.மீ. என்றால் 10,000 கி.மீ. கால்குலேட்டரே வேண்டாம். புவிக்கும் சூரியனுக்கும் சராசரித் தூரம் 14.96 கோடி கி.மீ., எனவே 14.96 மீட்டர். புவியின் விட்டம் 12,756 கி.மீ., எனவே 1.28 மி.மீ.

தடுமாற்றம் வருவது மில்லியன், பில்லியன் கணக்கில்தான். இணையத்தில் எடுக்கும் எண்கள் பெரும்பாலும் மில்லியனில் இருக்கும். மில்லியனைப் பத்தால் வகுத்தால் கோடி. பில்லியனை நூறால் பெருக்கினால் கோடி. வெள்ளியின் 108.2 மில்லியன் கி.மீ. என்பது 10.82 கோடி. இதில் ஒரு சுழி பிசகினால் வெள்ளி 108 மீட்டருக்குப் போய் வியாழனையும் தாண்டிவிடும். அளக்கக் கிளம்பும் முன் தூரங்கள் ஏறுவரிசையில் வருகின்றனவா என்று ஒரு முறை பார்த்தாலே இந்தப் பிழை பிடிபடும்.

வேண்டிய எண்கள் இவை. விட்டம் முதலில், சூரியனின் மையத்திலிருந்து தூரம் அடுத்து.

சூரியன்: 139 மி.மீ.
புதன்: 0.49 மி.மீ., 5.8 மீ.
வெள்ளி: 1.2 மி.மீ., 10.8 மீ.
புவி: 1.3 மி.மீ., 15 மீ.
செவ்வாய்: 0.68 மி.மீ., 22.8 மீ.
வியாழன்: 14.3 மி.மீ., 78 மீ.
சனி: 12 மி.மீ., 143 மீ.
யுரேனஸ்: 5.1 மி.மீ., 287 மீ.
நெப்டியூன்: 5 மி.மீ., 450 மீ.

தேவையான பொருட்கள்: 30 மீட்டர் அளவு நாடா, ஒரு மீட்டர் உயரக் குச்சிகள் ஒன்பது, பாதி ஏ4 அளவில் வெட்டிய தடித்த வெள்ளை அட்டைகள், மஞ்சள் சார்ட், 0.5 மி.மீ. மற்றும் 0.7 மி.மீ. முனை உள்ள மெக்கானிக்கல் பென்சில்கள், மெழுகுக் களிமண், 5 மி.மீ. மணிகள் இரண்டு, கவராயம், ஒரு சைக்கிள்.

சூரியனும் கோள்களும்

சூரியனுக்குக் கவராயத்தில் 7 செ.மீ. ஆரம் வைத்து மஞ்சள் சார்ட்டில் வட்டம் போட்டு வெட்டுங்கள். ஆரத்துக்குப் பதில் விட்டத்தையே கவராயத்தில் வைத்து 28 செ.மீ. சூரியனைச் செய்துவிடுவது வகுப்புக்கு ஒரு குழுவாவது செய்யும் பிழை. உருண்டையாகத்தான் வேண்டும் என்றால் செய்தித்தாளைக் கசக்கிப் பசை ஒட்டி உருட்டலாம்; நூலால் சுற்றி அளந்தால் சுற்றளவு 43.7 செ.மீ. வர வேண்டும். பலூன் வேண்டாம். அது பேரிக்காய் வடிவில்தான் ஊதும், வெயிலில் அளவும் மாறும்.

சின்னக் கோள்களை உருண்டையாகச் செய்ய முயலாதீர்கள். அட்டையில் புள்ளி வைப்பதே துல்லியம். 0.5 மி.மீ. பென்சில் முனையைச் செங்குத்தாகப் பிடித்து ஒரு முறை அழுத்தினால் அதுதான் புதன். 0.7 மி.மீ. முனை செவ்வாய். பென்சிலைச் சாய்த்துப் பிடித்தால் புள்ளி கோடாக இழுபடும். முனையைச் சுழற்றினால் அகலும். வெள்ளிக்கும் புவிக்கும் உள்ள வித்தியாசம் இந்த விகிதத்தில் 0.07 மி.மீ.கூட இல்லை, இரண்டையும் ஒரே அளவில் வைத்தால் குற்றமில்லை. கணினியில் 1.3 மி.மீ. வட்டம் வரைந்து அச்சிடுவதும் நல்ல வழிதான், ஆனால் அச்சிடும்போது ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற அமைப்பை நீக்கி, நூறு சதவீதம் என்று வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அச்சுப்பொறி எல்லாவற்றையும் சத்தமில்லாமல் சில சதவீதம் சுருக்கிவிடும். பக்கத்தின் ஓரத்தில் 10 செ.மீ. கோடு ஒன்றையும் சேர்த்து அச்சிட்டு, ஸ்கேலில் அளந்து பாருங்கள்.

புவியின் அட்டையிலேயே, புவிப் புள்ளியிலிருந்து 38 மி.மீ. தள்ளி, நன்றாகச் சீவிய பென்சிலால் 0.35 மி.மீ. புள்ளி ஒன்று வையுங்கள். அது நிலவு. மனிதர்கள் விண்ணில் இதுவரை போய் வந்த தூரமெல்லாம் ஏறக்குறைய இந்த 38 மி.மீ.தான். சர்வதேச விண்வெளி நிலையம் பறக்கும் 400 கி.மீ. உயரம் இங்கே 0.04 மி.மீ.; அட்டையின் தடிமனே அதைவிட அதிகம்.

வியாழனும் சனியும் களிமண் உருண்டைகள். காய்ந்து இறுகும் களிமண் உலரும்போது சுருங்கும், எனவே மெழுகுக் களிமண். அளக்க வெர்னியர் இல்லையென்றால், இரண்டு மூலைமட்டங்களை எதிரெதிரே நிறுத்தி, இடையில் உருண்டையை வைத்து, இடைவெளியை ஸ்கேலில் படியுங்கள். உருட்டி முடித்ததும் இரண்டையும் மேலும் கீழும் லேசாக அழுத்த வேண்டும். வேகமாகத் தற்சுழலும் வாயுக்கோள்கள் நடுவில் பிதுங்கியிருக்கும்: வியாழன் குறுக்கே 14.3 மி.மீ., துருவத்திலிருந்து துருவத்துக்கு 13.4 மி.மீ. சனி இன்னும் தட்டை, குறுக்கே 12.1, மேலிருந்து கீழே 10.9.

சனியின் வளையத்துக்கு மெல்லிய தாளில் 27 மி.மீ. வெளிவிட்டம், 15 மி.மீ. உள்விட்டம் கொண்ட வட்டப்பட்டையை வெட்டுங்கள். உள்துளை கோளைவிடப் பெரிது, ஆகவே வளையம் கோளைத் தொடாமல் இருக்க வேண்டும். இரண்டு குண்டூசிகளால் தாங்கி நிறுத்தலாம். பெரும்பாலான மாதிரிகளில் வளையத்தைக் கோளோடு ஒட்டிவிடுகிறார்கள், அது தப்பு. இந்தத் தாளின் 0.1 மி.மீ. தடிமன் 1,000 கி.மீ.க்குச் சமம். உண்மையான வளையத்தின் தடிமன் பெரும்பாலான இடங்களில் கிலோமீட்டர் கணக்கிலேயே வராது. எவ்வளவு மெல்லிய தாள் எடுத்தாலும் மாதிரி இந்த ஒரு விஷயத்தில் தோற்கத்தான் செய்யும். மாணவர்களிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

யுரேனஸுக்கும் நெப்டியூனுக்கும் 5 மி.மீ. மணிகள்.

தரையில் அளப்பது

சூரியனை மைதானத்தின் ஓர் ஓரத்தில், கண்மட்ட உயரத்தில் நடுங்கள். எல்லாத் தூரமும் சூரியனிலிருந்தே. முந்தைய கோளிலிருந்து அடுத்த கோளுக்கு என்று அளந்தால் ஒவ்வொரு முறையும் சிறு பிழை சேர்ந்துகொண்டே போகும்.

செவ்வாய் வரை நாடாவே எட்டும். நாடா தொய்ந்தால் தூரம் கூடுதலாகக் காட்டும், தரையோடு இழுத்துப் பிடிக்க வேண்டும். வியாழனுக்கு மேல் சைக்கிள் சக்கரம் எளிது. டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பத்துச் சுற்றுப் போய், அந்தத் தூரத்தை நாடாவால் அளந்து பத்தால் வகுங்கள். சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர் என்று வந்தால், வியாழன் 37 சுற்று, சனி 68, யுரேனஸ் 137, நெப்டியூன் 214. தள்ளிக்கொண்டே அளந்தால் கடைசிவரை தள்ளியேதான் போக வேண்டும். ஏறி உட்கார்ந்தால் டயர் அமுங்கி, சுற்றுக்கு ஆகும் தூரம் குறையும். சுற்றை எண்ண ஒருவர், எழுத இன்னொருவர் வேண்டும்; நூறைத் தாண்டியதும் எண்ணிக்கை தவறுவது சகஜம்.

கைபேசியின் ஜிபிஎஸ்ஸை உள்கோள்களுக்கு நம்பாதீர்கள். திறந்த வெளியிலேயே அதன் பிழை சில மீட்டர் இருக்கும். புதனுக்கு மொத்தத் தூரமே 5.8 மீட்டர்தான். நெப்டியூனுக்கு அது தாராளமாகப் போதும்.

சென்டிமீட்டர் சுத்தமாக அளக்க மெனக்கெட வேண்டுமா? வேண்டாம். கோள்களின் பாதைகள் நீள்வட்டம், மேலே உள்ளவை சராசரிகள். புதன் சூரியனுக்கு 4.6 மீட்டர் வரை நெருங்கி 7 மீட்டர் வரை விலகும். செவ்வாய் 20.7 முதல் 24.9 மீட்டர் வரை. புவிக்கு அரை மீட்டர் வித்தியாசம்தான்.

450 மீட்டர் நேர்கோடு கிடைக்காவிட்டால் வளைந்த பாதையிலும் வைக்கலாம். 400 மீட்டர் ஓடுதளத்தில் நெப்டியூன் ஒரு முழுச் சுற்று முடிந்து 50 மீட்டரில் வரும். ஆனால் அப்படி வைத்தால் கீழே வரும் கண் சோதனைகளை உள்கோள்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெறும் 30 மீட்டர் தாழ்வாரம்தான் இருக்கிறது என்றால் விகிதத்தையே மாற்றுங்கள்: புவி–சூரியன் தூரம் 1 மீட்டர். நெப்டியூன் 30 மீட்டரில் அடங்கிவிடும், சூரியன் 9.3 மி.மீ. மணி. ஆனால் புவி 0.09 மி.மீ. ஆகிவிடும், கண்ணுக்குத் தெரியாது. அந்த மாதிரியில் தூரத்தை மட்டும் காட்டலாம், உருவ அளவை அதில் சொல்லித்தர முடியாது.

சரியாக வைத்தோமா?

புவி அட்டையின் இடத்தில் நின்று, கையை முழுவதும் நீட்டி, சுண்டுவிரல் நகத்தால் மஞ்சள் வட்டத்தை மறைத்துப் பாருங்கள். விரல் அகலத்தில் பாதி அளவுக்குத்தான் வட்டம் தெரிய வேண்டும். அன்றிரவு முழுநிலவு இருந்தால் அதையும் அப்படியே அளக்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய அதே அளவு இருக்கும். வானத்தில் சூரியனும் நிலவும் ஏறக்குறைய அரை டிகிரி அகலம், நம் 14 செ.மீ. வட்டமும் 15 மீட்டரில் அரை டிகிரிதான். வட்டம் விரலைவிடப் பெரிதாகத் தெரிந்தால் கவராயத்துப் பிழை, அல்லது தூரத்தில் பிழை. உண்மையான சூரியனை நேராகப் பார்த்து ஒப்பிட யாரையும் விடாதீர்கள், விரலால் மறைத்துக்கூட வேண்டாம்.

அட்டையில் உள்ள நிலவுப் புள்ளியைக் கொண்டு கிரகணம் காட்ட முடியுமா என்று ஒரு மாணவராவது கேட்பார். முடியாது. கண்மணியின் திறப்பே சில மி.மீ. அகலம், 0.35 மி.மீ. புள்ளியின் நிழல் அதை மூடாது.

நடக்கும்போது

முதல் 23 மீட்டரில் நான்கு கோள்கள் முடிந்துவிடும். அடுத்து 55 மீட்டர் ஒரு கோளும் கிடையாது. அந்த இடைவெளியில் 33 மீட்டர் முதல் 48 மீட்டர் வரை சிறுகோள் பட்டை. படங்களில் பாறைகள் முட்டி மோதுவதாகக் காட்டுவார்கள். அங்கே உள்ள எல்லாவற்றையும் சேர்த்தாலும் நிலவின் நிறையில் ஒரு சிறு பங்குதான். மிகப் பெரியதான சீரிஸ் இந்த மாதிரியில் 0.1 மி.மீ.கூட இல்லை. 1972–73இல் பயனியர் 10 விண்கலம் இந்தப் பட்டையைச் சேதமின்றிக் கடந்தது. அந்த 15 மீட்டரில் எதையும் வைக்காமல் விடுவதே சரியான மாதிரி.

யுரேனஸ் சனியைப் போல இரண்டு மடங்குத் தொலைவு என்பதை நடப்பவர்களே கண்டுபிடிக்க விடுங்கள். நெப்டியூனில் நின்று திரும்பிப் பார்த்தால் மஞ்சள் வட்டம் வட்டமாகத் தெரியாது, வெறும் புள்ளி. அங்கே விழும் சூரிய ஒளி புவியில் விழுவதில் 900இல் ஒரு பங்கு.

புளூட்டோவைக் கட்டாயம் கேட்பார்கள். 2006இல் சர்வதேச வானியல் ஒன்றியம் அதைக் குறுங்கோள் என்று வகைப்படுத்தியது. மாதிரியில் கால் மி.மீ. புள்ளி, பாதை மிகவும் நீண்டிருப்பதால் 444 மீட்டருக்கும் 738 மீட்டருக்கும் இடையில் அலையும், சில காலம் நெப்டியூனுக்கு உள்ளேயும் வரும்.

கோள்களை ஒரே கோட்டில் வைத்தது நடக்க வசதிக்காகத்தான். அவை அப்படி வரிசையில் நிற்பதில்லை என்பதைக் காட்ட, செவ்வாய் வரை உள்ள நான்கு அட்டைகளையும் கயிற்று ஆரத்தில் வெவ்வேறு திசைகளுக்கு மாற்றுங்கள். பிறகு ஒரு ‘நாள்’ என்று சொல்லும்போதெல்லாம், மேலே வடக்கிலிருந்து பார்ப்பதாக வைத்து இடஞ்சுழியாக, புதன் 41 செ.மீ., புவி 26 செ.மீ., செவ்வாய் 21 செ.மீ. நகரட்டும். இதே கணக்கில் நெப்டியூன் 5 செ.மீ.கூட நகராது. வெளிப்பாதை நீளம் என்பதால் மட்டுமல்ல, வேகமும் குறைவு என்பதால்தான் அதற்கு ஒரு சுற்று முடிக்க 165 ஆண்டு ஆகிறது.

ஒளியின் வேகத்தில்

இந்த விகிதத்தில் ஒளி நொடிக்கு 3 செ.மீ. நகரும். சூரியனிலிருந்து கயிற்றில் 3 செ.மீ.க்கு ஒரு குறி போட்டு, கடிகாரத்தைப் பார்த்து, நொடிக்கு ஒரு குறியாக ஒரு பேனா மூடியை நகர்த்தச் சொல்லுங்கள். புதனை அடைய 3 நிமிடத்துக்கும் மேல், புவிக்கு 8 நிமிடம் 19 நொடி. புவியிலிருந்து நிலவுக்கு 1.3 நொடி. நெப்டியூனுக்கு 4 மணி நேரத்துக்கும் மேல் ஆகும் என்பதால் புவியோடு நிறுத்திக்கொள்ளலாம். 1977 செப்டம்பர் 5 அன்று ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம், இந்தக் கணக்கில் சூரியனிலிருந்து இப்போது 2.5 கி.மீ.க்கும் அப்பால். அடுத்த நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரி சுமார் 4,000 கி.மீ. தள்ளி, அதை உலகப்படத்தில்தான் காட்ட முடியும்.

முடிந்ததும் அட்டைகளை உறையில் தட்டையாக வையுங்கள், பென்சில் புள்ளிகள் உரசினால் பரவிவிடும். குறி போட்ட கயிற்றை முடிச்சு விழாமல் ஒரு கட்டையில் சுற்றுங்கள். நைலான் கயிறு இழுபட்டு நீளும், பருத்திக் கயிறு ஈரத்தில் சுருங்கும். அடுத்த முறை எடுக்கும்போது புவியின் 15 மீட்டரை மட்டும் நாடாவோடு வைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.