கடற்கரைத் தொடக்கப் பள்ளியில் இசை கற்பிக்கும் முறை

தொடக்கப் பள்ளிகளில் இசைக்கெனத் தனி ஆசிரியர் இருப்பது அரிது. மண்டபம், தேவிபட்டினம், மூக்கையூர் போன்ற கரையோர ஊர்களில் தமிழும் கணக்கும் நடத்துகிற அதே ஆசிரியர்தான் பெரும்பாலும் பாட்டையும் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. அதற்கு அவர் முறையாகச் சங்கீதம் பயின்றிருக்கத் தேவையில்லை. பிள்ளைகளோடு சேர்ந்து பாடக் கூச்சப்படாத மனமும் வாரத்தில் மூன்று நாள் இருபது நிமிடமும் இருந்தால் போதும். ஆனால் எதில் தொடங்குவது என்பதில் கவனம் வேண்டும். கரும்பலகையில் ச ரி க ம என்று எழுதித் தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. எழுத்துத் தெரியும் முன்பே பிள்ளைக்குப் பேச்சு வந்துவிடுவதைப் போல, சுரத்தின் பெயர் தெரியும் முன்பே தாளமும் சுருதியும் உடம்பில் ஊறியிருக்க வேண்டும்.

முதல் பாடத்துக்கு ஒரு கயிறு போதும். நைலான் கயிறு பிஞ்சுக் கைகளை அறுத்துவிடும் என்பதால், பழைய சேலைகள் இரண்டை முறுக்கி முடிந்து ஒரு முனையை வேப்பமரத்தில் கட்டிக்கொள்ளுங்கள். கரைவலை இழுப்பவர்கள் அம்பா என்னும் தொழிற்பாட்டைப் பாடுவதைப் போல, ஆசிரியர் ‘ஏலேலோ’ என்று எடுத்துக்கொடுக்க, பிள்ளைகள் ‘ஐலசா’ என்று விடை சொல்லி அதன் முதல் அசையில் இழுக்க வேண்டும். தொடக்கத்தில் குரல் ஒரு பக்கமும் கை ஒரு பக்கமுமாகப் போகும். வரிசையின் நடுவில் நிற்பவன் முன்னால் நிற்பவள் மீது மோதுவான். அதைத் திருத்திக் கொண்டிராமல் பாட்டை நிறுத்தாது தொடர்ந்து பாடுங்கள். சிறிது நேரத்தில் அத்தனை குதிகால்களும் ஒரே நொடியில் மணலில் அழுந்துவதைக் கண்ணாலேயே காணலாம். அது நிகழ்ந்த பிறகு வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள், பின்னர் கூட்டுங்கள். கடைசியாக, ‘ஏலேலோ’வை வாய்திறவாமல் மனத்துக்குள் மட்டும் சொல்லிக்கொண்டு, ‘ஐலசா’வை மட்டும் எல்லோரும் ஒன்றாகப் பாடி இழுக்கச் செய்யுங்கள். அந்த மௌனத்துக்குப் பிறகு வகுப்பு முழுவதும் பிசகாமல் சேர்ந்து இழுத்துவிட்டால், தாளம் உள்ளே இறங்கிவிட்டது என்று பொருள்.

கயிற்றை விட்டபின் கைதட்டலுக்கும் கொட்டாங்குச்சிக்கும் வரலாம். தகிட என்னும் மூன்று எண்ணிக்கைத் தாளச் சொல்லை ‘நெத்திலி’ என்றும், தகதிமி என்னும் நான்கு எண்ணிக்கைச் சொல்லைச் ‘சீலாமீனு’ என்றும் சொல்லித் தட்டச் செய்தால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னால் ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர நடை தானாகவே வந்துவிடும்.

குரலைப் பொறுத்தவரை பெரும்பாலான பிழைகள் ஆசிரியரின் பிழைகளே. நான் கற்பிக்கத் தொடங்கிய ஆண்டில், என் வசதிக்கேற்ப ஒன்றரைக் கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைக் குறிக்கும் அளவு) பாட்டை எடுத்துக்கொடுத்து, தாழ்ந்த குரலில் உறுமலாகப் பாடிய ஒரு சிறுவனை ‘நீ வாயை மட்டும் அசை’ என்று சொல்லிவிட்டேன். சில நாள் கழித்து, பள்ளிச் சுவருக்கு அப்பாலிருந்து தன் தங்கையை அவன் பாட்டாகவே கூப்பிட்டதைக் கேட்டேன்; உயர்ந்த, தெளிவான, சற்றும் பிசகாத குரல். குறை அவனிடம் இல்லை, நான் பிடித்த சுருதியில் இருந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. ஆண் ஆசிரியரின் குரல் பிள்ளைகளின் குரலுக்கு ஒரு ஸ்தாயி, அதாவது ஒரு ச-வுக்கும் அடுத்த ச-வுக்கும் உள்ள தொலைவு, கீழே ஒலிப்பதால், அதை அப்படியே பின்பற்ற முயலும் பிள்ளை தொண்டையை அமுக்கிக்கொள்கிறது. ஆகவே சுருதிப்பெட்டியிலோ கைப்பேசிச் செயலியிலோ ஐந்தரை முதல் ஆறரைக் கட்டைக்குள் சுருதி வைத்து, நன்றாகப் பாடும் ஒரு சிறுமியை முதலில் பாடச்செய்து, மற்றவர்களை அவளைக் கேட்டுப் பாடவிடுங்கள். எந்தப் பிள்ளையையும் வாயசைக்க மட்டும் சொல்லாதீர்கள்.

தூரத்தில் நிற்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது பிள்ளைகளின் குரல் மேலிருந்து கீழே ஒரு சிறு இறக்கம் இறங்கும். அது பெரும்பாலும் மோகன ராகத்தின் பஞ்சமத்திலிருந்து (ப) காந்தாரத்துக்கு (க) இறங்கும் இடைவெளியாக இருக்கும். வருகைப் பதிவேட்டை அந்த இரண்டு சுரங்களில் பாடியே அழைத்து, ‘உள்ளேன் ஐயா’வையும் அவற்றிலேயே பாடச்செய்யுங்கள். ஒரு மாதத்தில் ரிஷபம், சட்ஜம், தைவதம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் மோகனத்தின் ஐந்து சுரங்களும் அமைந்துவிடும். அடுத்தடுத்த சுரங்களுக்கிடையே அரைச்சுர நெருக்கம் இல்லாத ராகம் என்பதால் சிறு குரல்களுக்கு இது தடுமாற்றம் தராது. சங்கீதத்தின் தொடக்கப் பயிற்சியான சரளி வரிசையையும் அதைப் பாடும் மாயாமாளவகௌளை ராகத்தையும் நான்காம் வகுப்புக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேட்கும் பயிற்சிக்குப் பாம்பன் பகுதிப் பிள்ளைகளுக்கு வேறெங்கும் கிடைக்காத வாய்ப்பு இருக்கிறது. வடக்கே அமைதியான பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும், தெற்கே இரைகிற மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் ஊரார் சொல்வார்கள். இரண்டு கரையிலும் கண்ணை மூடி உட்காரவைத்து, ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே எத்தனை எண்ணிக்கை என்று விரல்விட்டு எண்ணச் சொல்லி, கேட்டதை வகுப்பில் கொட்டாங்குச்சியிலும் புளியங்கொட்டை போட்ட டப்பாவிலும் ஒலித்துக்காட்டச் செய்யுங்கள். மென்மையும் உரப்பும் விரைவும் தாமதமும் அவ்வாறே புரிந்துவிடும்.

வீட்டுப் பாடல்களைக் கேட்டுவரச் சொல்வது நல்லது. எந்த மதத்து வீட்டிலும் தாலாட்டு உண்டு. ‘ஆராரோ’வுக்கு அடுத்த அடி வீட்டுக்கு வீடு மாறுவதைப் பிள்ளைகள் தாமே கண்டுகொள்வார்கள். ஆனால் ஒப்பாரியைக் கேட்டுவரச் சொல்லாதீர்கள். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பிள்ளைகள் நம் வகுப்பில் இருக்கக்கூடும். அந்தப் பாட்டு அவர்களுக்குப் பாடம் அல்ல. அம்பாப் பாடல்களில் பெரியவர்களுக்கான கேலிச் சொற்கள் வருவதும் உண்டு என்பதால் அடிகளை முன்கூட்டியே கேட்டுத் தெரிவு செய்துகொள்ளுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கோடை விடுமுறைக்கு முன்னுள்ள சில நாட்களிலும், ஜூனில் பள்ளி திறந்த பிறகும் விசைப்படகுக்குப் போகும் அப்பாக்கள் கரையில் இருப்பார்கள். அம்பா தெரிந்த ஒரு தாத்தாவையும் அவர்களோடு பள்ளிக்கு அழைத்து வாருங்கள். அன்று எடுத்துக்கொடுக்கும் குரல் அவருடையதாக இருக்கட்டும்; ஆசிரியர் கயிற்றின் கடைசியில், பிள்ளைகளோடு நின்று விடை பாடட்டும்.