கிடா வெட்டு அன்று நாய்க்குக் கொழுப்பை வீசாதீர்கள்

சென்ற ஆடியில் எங்கள் ஊர்க் கோயிலில் கிடா வெட்டு. கறி அரிந்தவர்கள் கழித்துப்போட்ட குடல் சவ்வும், குண்டிக்காயைச் சுற்றியிருந்த கொழுப்பும் பக்கத்து வீட்டு ஆச்சியின் நாய்க்குப் போய்ச் சேர்ந்தன. மறுநாள் காலை அது முகப்பில் முன்கால்களை நீட்டித் தாழ்ந்து, பின்புறத்தை மட்டும் தூக்கி நின்றது. "கும்பிடுகிறது பார்" என்று ஆச்சி சிரித்தார். அது கும்பிடு அல்ல, வயிற்று வலி. மதியத்துக்குள் நான்கு முறை வாந்தி எடுத்துவிட்டது. கணைய அழற்சி, அதாவது செரிமான நீர் சுரக்கும் கணையம் வீங்கிப் புண்படும் நோய் என்றார் கால்நடை மருத்துவர்.

நாய்க்கு எதுவும் செரிக்கும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. கொழுப்பு முன்சிறுகுடலுக்கு வந்து உடையத் தொடங்கியதும், அதிலிருந்து பிரியும் நீளமான கொழுப்பு அமிலங்களைக் குடல்சுவரின் சில செல்கள் உணர்ந்து கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகின்றன. அது பித்தப்பையைச் சுருக்குகிறது. கணையத்திலிருந்து உணவைச் செரிக்கும் நொதிகளை வெளியேற்றுகிறது. இந்த ஹார்மோனுக்குப் பித்தப்பை வேலைக்காக 1928-இல் ஒரு பெயர், கணைய வேலைக்காக 1943-இல் வேறொரு பெயர் வைத்தார்கள்; இரண்டும் ஒன்றுதான் என்பது 1960-களில்தான் உறுதியானது. கடைக்கு ஒரு பெயர், வீட்டில் கூப்பிட வேறு பெயர் என்று வாழ்ந்த எங்கள் ஊருக்கு இது புதிதில்லை.

கணையம் நிறையச் சுரந்தாலே நோய் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அதுவும் பிழை. புரதத்தைச் செரிக்கும் நொதிகள் செயலற்ற வடிவில் புறப்பட்டு, குடலுக்கு வந்த பிறகுதான் விழிக்க வேண்டும். கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டால் அவை கணையத்தையே தின்னத் தொடங்கும். நாய்களுக்கு இது நேர்வதற்கான காரணம் பல வேளைகளில் பிடிபடுவதில்லை. ஆனால் பழக்கமில்லாத கொழுப்பை ஒரே வேளையில் நிறையத் தின்பது தெரிந்த ஆபத்துகளில் ஒன்று.

தீவனத்தை ஒரே நாளில் மாற்றுவது அடுத்த தவறு. கொழுப்பு மிகுந்த உணவைத் தொடர்ந்து கொடுத்தால் கணையம் கொழுப்பைச் செரிக்கும் லைபேஸ் நொதியைக் கூடுதலாகத் தயாரிக்கப் பழகிக்கொள்ளும் என்பதை எலிகளிலும் பன்றிகளிலும் பார்த்திருக்கிறார்கள். அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். அதனால்தான் பழைய தீவனத்தோடு புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஒரு வாரம், பத்து நாளில் மாற்றச் சொல்கிறார்கள். பழக்கிவிட்டால் ஆட்டுக்கொழுப்பும் கொடுக்கலாம் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம்.

பொட்டல எண்ணிலும் ஏமாறுகிறோம். டப்பாவில் வரும் ஈர உணவில் கொழுப்பு 5 சதவீதம், உலர் உணவில் 12 சதவீதம் என்றால் எதில் அதிகம்? ஈர உணவில் 78 சதவீதம் தண்ணீர். தண்ணீரைக் கழித்தால் கொழுப்பு ஏறத்தாழ 23 சதவீதம். 10 சதவீத ஈரமுள்ள உலர் உணவில் 13 சதவீதம்தான்.

நாய்க்குச் சொன்னதை எல்லா விலங்குக்கும் நீட்டக் கூடாது. பூனைக்கு வரும் கணைய அழற்சிக்கு உணவுக் கொழுப்பே காரணம் என்று நிறுவப்படவில்லை. மாட்டுக்கோ சிக்கல் கணையத்துக்கு முன்பே, முதல் வயிற்றிலேயே தொடங்கிவிடும். தீவனத்தின் உலர் எடையில் கொழுப்பு 6, 7 சதவீதத்தைத் தாண்டினால், அங்கே நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் முடங்கும். செக்குப் புண்ணாக்கில் எண்ணெய் தங்கியிருக்கும் என்பதை மறந்து அள்ளிப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

நோய் வந்தபின் நாட்கணக்கில் பட்டினி போடுவது பழைய வழக்கம். இப்போது வாந்தி கட்டுப்பட்டதும், கொழுப்புக் குறைந்த உணவைச் சிறு சிறு வேளையாகக் கொடுக்கத் தொடங்குகிறார்கள். ஆச்சியின் நாய் தோல் நீக்கிய கோழிக்கறியும் குழைந்த சோறும் தின்று ஒரு வாரத்தில் எழுந்துவிட்டது. இந்த ஆடிக்கு முன்பே ஆச்சி கேட்டுவிட்டார்: "தம்பி, கொழுப்பு வேண்டாம், சரி. குழம்பு ஊற்றிப் பிசைந்து வைக்கலாமா?" அதில் எண்ணெய் மிதக்கும், போதாததற்குச் சின்ன வெங்காயம் வேறு, நாயின் ரத்தச் சிவப்பணுக்களை வெங்காயம் சிதைக்கும் என்றேன். "அப்படியானால் வெறும் சோறுதானா?" என்று என்னைத்தான் முறைத்தார்.