வார்சா வட்டம்: கண்ணி விழாத இடத்தில் துளையை எண்ணுவது எப்படி?

ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். தொடர்ச்சி, குலம் ஆகிய இரண்டும் ஓரளவு தெரிந்திருந்தால் போதும்.

முதலில் சாதாரண வட்டம். ஒரு புள்ளியில் புறப்பட்டு அங்கேயே திரும்பும் பாதையைக் கண்ணி என்போம். அறுக்காமல் நெளித்து ஒன்றை இன்னொன்றாக மாற்ற முடிந்தால் இரண்டும் ஒன்றே. வட்டத்தில் எத்தனை சுற்று, எந்தத் திசை என்பது மட்டுமே மிஞ்சும். கண்ணிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ப்பதால் உருவாகும் குலமே அடிப்படைக் குலம். ஆகவே வட்டத்துக்கு அது முழு எண்களின் குலம். 1895இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் புவான்காரே தந்த கருவி இது.

அடுத்து, 0 < க ≤ 1 என்ற இடைவெளியில் சைன்(1/க) வரையுங்கள். 0-ஐ நெருங்க நெருங்க அலைகள் நெருக்கியடிக்கும். கை சலித்ததும் நிறுத்திவிடலாம். செங்குத்து அச்சில் −1 முதல் +1 வரை ஒரு கோட்டுத்துண்டு போடுங்கள். அதன் கீழ்முனையிலிருந்து அலைகளுக்கு அடியாகச் சுற்றிவந்து, வளைகோட்டின் வலது முனையில் சேருங்கள். இதுதான் வார்சா வட்டம்.

இதைச் சுற்றிவரும் ஒரு கண்ணியைப் போட்டுப் பாருங்கள். அலைகளின் வழியே கோட்டுத்துண்டை அடைய, முடிவுள்ள நேரத்துக்குள் +1க்கும் −1க்கும் இடையே முடிவில்லாமல் ஏறியிறங்க வேண்டும். அப்போது உயரம் எந்த ஓர் எண்ணிலும் நிலைகொள்ளாது. தொடர்ச்சி அங்கே அறுந்துவிடுகிறது. எந்தக் கண்ணியும் அந்த இடுக்கைத் தாண்டாது, எல்லாமே புள்ளியாகச் சுருங்கிவிடும். அடிப்படைக் குலம் அற்பக் குலம், அதாவது ஒரே ஓர் உறுப்பு மட்டும் கொண்டது! படமோ தளத்தை உள், வெளி என இரண்டாகப் பிரித்துக்கொண்டு நிற்கிறது.

1968இல் போலந்தின் கரோல் போர்சுக் முன்வைத்த வடிவக் கோட்பாடு இங்கே கைகொடுக்கிறது: உள்ளே நடக்க வழியில்லையென்றால் சுற்றுப்புறத்தில் நடக்கலாம். கோட்டுத்துண்டையும் அதை ஒட்டிய அலைகளையும் மெல்லிய செவ்வகத்தால் மூடுங்கள். மீதிக் கோட்டை ஒல்லியான பட்டையாகத் தடிப்பாக்குங்கள். கிடைப்பது ஒரு வளையப் பட்டை. அதில் கண்ணி தாராளமாகச் சுற்றும். குலம் முழு எண்கள். பட்டையை மேலும் மேலும் ஒடுக்குங்கள். உள்பட்டையில் ஒரு சுற்று என்றால் வெளிப்பட்டையிலும் ஒரு சுற்றே. எல்லாப் பட்டைகளிலும் ஒன்றோடொன்று பொருந்தும்படி சுற்று எண்களைத் தேர்ந்தால் கிடைக்கும் குலம்தான் இந்த வரிசையின் தலைகீழ் எல்லை. ஆகவே இங்கே அதுவும் முழு எண்களே. வடிவக் கோட்பாட்டின் கணக்கில் வார்சா வட்டமும் வட்டமும் ஒன்று.

எல்லையை மட்டும் எழுதிக்கொண்டு வரிசையைத் தூக்கியெறிந்துவிடாதீர்கள். டயாடிக் சாலினாய்டு என்பது ஒன்றுக்குள் ஒன்றாக முடிவின்றி ஒடுங்கிச்செல்லும் குழாய் வளையங்களின் பொதுப்பகுதி. அதில் ஒவ்வொரு உள்குழாயும் தன் வெளிக்குழாயை இருமுறை சுற்றுகிறது. வெளியே உள்ள ஒரு கண்ணி எல்லாப் படிகளிலிருந்தும் வந்ததாக இருக்கவேண்டுமானால், அதன் சுற்று எண் 2, 4, 8 என எல்லாவற்றாலும் வகுபட வேண்டும். 0 மட்டுமே தேறும். எல்லை அற்பம், வரிசை அற்பமல்ல. அதனால்தான் வடிவக் கோட்பாட்டினர் முழு வரிசையையும் புரோ-குலம் என்ற பெயரில் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள்.