கலிபோர்னியாவில் வேக டிக்கெட்டை எதிர்த்து வழக்காடுவது எப்படி: காப்பீட்டுக் கட்டணம் ஏறாமல் காத்துக்கொள்ள ஒரு செய்முறை விளக்கம்

வேகமாக ஓட்டியதாக ஒரு டிக்கெட் கைக்கு வந்ததும், இணையத்தில் பணத்தைக் கட்டித் தொல்லையை அன்றே முடித்துவிட வேண்டும் என்றுதான் மனம் முதலில் சொல்லும். சில ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் செய்தேன். பணத்தைக் கட்டியதே குற்றத்தை ஒப்புக்கொண்டதற்குச் சமம் என்பதும், அதனால் என் ஓட்டுநர் பதிவில் ஒரு பாயிண்ட் ஏறியிருக்கிறது என்பதும், அடுத்த முறை காப்பீட்டைப் புதுப்பிக்கும் கடிதம் வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. கலிபோர்னியாவுக்கு வந்து புதிதாகக் கார் ஓட்டத் தொடங்கியிருக்கும் நம்மவர்கள் அதே தவறைச் செய்யக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இங்கே சொல்பவை கலிபோர்னியா மாநிலத்துக்கு மட்டுமே பொருந்தும்.

அபராதத்தைவிடப் பாயிண்ட் ஏன் பெரிது

வேக வரம்பை 15 மைல் வரை மீறியதற்கு அடிப்படை அபராதம் 35 டாலர், 16 முதல் 25 மைல் வரை மீறியதற்கு 70 டாலர், அதற்கும் மேல் என்றால் 100 டாலர். மாநிலமும் கவுண்டியும் நீதிமன்றமும் இதன்மேல் சேர்க்கும் கூடுதல் கட்டணங்களால் மொத்தத் தொகை சில நூறு டாலர்களாகிவிடும். ஆனாலும் அது ஒரே முறை கட்டி முடிக்கும் பணம். பாயிண்ட் அப்படியல்ல, சாதாரண வேக மீறலுக்கான ஒரு பாயிண்ட் 3 ஆண்டுகள் பதிவில் நின்று, ஒவ்வொரு முறை காப்பீடு புதுப்பிக்கப்படும்போதும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

1988-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 103-ஆம் முன்மொழிவின்படி, கார் காப்பீட்டுக் கட்டணத்தைத் தீர்மானிப்பதில் ஓட்டுநரின் பாதுகாப்புப் பதிவுதான் முதலிடம் பெறுகிறது. ஆண்டுக்கு எத்தனை மைல் ஓட்டுகிறோம், எத்தனை ஆண்டு அனுபவம் என்பவை அதற்கு அடுத்தே வருகின்றன. 3 ஆண்டுகளாக உரிமம் வைத்திருந்து, அந்தக் காலத்தில் ஒரு பாயிண்டுக்கு மேல் வாங்காதவருக்கு, பிற நிபந்தனைகளும் பொருந்தினால், குறைந்தது 20 விழுக்காடு நல்ல ஓட்டுநர் தள்ளுபடி கிடைக்க வேண்டும் என்பதும் அதே சட்டம் தந்த உரிமை. ஒரே ஒரு பாயிண்டால் இந்தத் தள்ளுபடி பறிபோகாது என்றாலும், அந்தப் பாயிண்டுக்காகவே நிறுவனம் தன் கட்டண அட்டவணைப்படி கூடுதலாக வசூலிக்கலாம். அதைவிட முக்கியமாக, நமக்கிருந்த ஒரே இடைவெளியும் அத்துடன் தீர்ந்துவிடுகிறது: அடுத்த 3 ஆண்டுகளுக்குள் இன்னொரு டிக்கெட் வந்தாலோ, நம் பொறுப்பில் ஒரு விபத்து நேர்ந்து அதற்கும் பாயிண்ட் ஏறினாலோ, தள்ளுபடி முழுவதும் போய்விடும். முதல் டிக்கெட்டையே பொருட்படுத்த வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

முதல் படி: சாலையோரத்தில்

காவலரிடம் வாதாட வேண்டாம். எவ்வளவு வேகத்தில் வந்தீர்கள் என்று கேட்டால், மரியாதையோடு பதில் சொல்லாமல் தவிர்க்கலாம். நீங்களாக ஒரு எண்ணைச் சொன்னால் அது அவருடைய குறிப்பில் ஏறி, பின்னர் நீதிமன்றத்தில் திரும்பி வரும். டிக்கெட்டில் கையெழுத்திடுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது, குறித்த தேதிக்குள் பதில் அளிப்பேன் என்ற உறுதிமொழி மட்டுமே. அவர் போன பிறகு, பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி, நேரம், வானிலை, போக்குவரத்து நெரிசல், எந்தத் தடத்தில் வந்தீர்கள், காவலர் எங்கே நின்றிருந்தார் என்பவற்றை நினைவிருக்கும்போதே எழுதிவையுங்கள்.

இரண்டாம் படி: டிக்கெட்டை வரிக்கு வரி படியுங்கள்

முதலில் பார்க்க வேண்டியது வாகனச் சட்டத்தின் எந்தப் பிரிவு எழுதப்பட்டிருக்கிறது என்பதை. 22350 என்றால் அது அடிப்படை வேக விதி. வானிலை, பார்வைத் தெளிவு, போக்குவரத்து, சாலையின் பரப்பு ஆகியவற்றைக் கருதும்போது நியாயமான வேகத்தை மீறக் கூடாது என்பதே அதன் சாரம். 22349 என்றால் நெடுஞ்சாலைக்கான உச்ச வரம்பு. பெரும்பாலான சாலைகளில் 65 மைல், நடுவே பிரிக்கப்படாத, மொத்தம் இரண்டே தடங்கள் கொண்ட சாலையில் 55 மைல். 70 மைல் அறிவிக்கப்பட்ட சாலைகளுக்கு 22356. இந்த வேறுபாட்டில்தான் உங்கள் வாதமே அடங்கியிருக்கிறது: 22350-இல் அன்றைய சூழலில் அந்த வேகம் பாதுகாப்பானதே என்று வாதிட இடம் உண்டு, 22349-இல் அந்த இடம் இல்லை. 100 மைலுக்கு மேல் ஓட்டியதாக எழுதப்பட்டிருந்தால் இரண்டு பாயிண்டுகள் ஏறுவதோடு உரிமம் நிறுத்திவைக்கப்படும் வாய்ப்பும் உண்டு. அதை நீங்களாகக் கையாள முயலாமல் ஒரு வழக்கறிஞரிடம் போவதே நல்லது.

அடுத்து, தோராய வேகம், அறிவிக்கப்பட்ட வரம்பு, ராடார் பயன்படுத்தப்பட்டதா என்ற கட்டங்களைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நீதிமன்றத்துக்குப் பதில் அளிக்க வேண்டிய கடைசித் தேதியை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். தபாலில் அறிவிப்பு வரும் என்று காத்திருக்கக் கூடாது. அது வராமலேயே போகலாம். தேதியைத் தவறவிடுவது தனிக் குற்றமாகவே பதிவாகலாம், வேக மீறலைவிட அது கடுமையானது.

மூன்றாம் படி: டிராஃபிக் ஸ்கூலா, வழக்கா

எதிர்த்துப் போராடுவதுதான் எப்போதும் சரி என்று நான் சொல்லமாட்டேன். டிராஃபிக் ஸ்கூல் என்பது போக்குவரத்து விதிகளைக் கற்றுத்தரும் ஒரு குறுகிய வகுப்பு. சாதாரண உரிமம் வைத்திருப்பவர், வரம்பை 25 மைலுக்கு மேல் மீறாமலும், முந்தைய மீறலுக்காகப் பள்ளிக்குச் சென்ற கணக்கில் 18 மாத இடைவெளி கடந்தும் இருந்தால், அபராதத்தையும் பள்ளிக்கான கட்டணத்தையும் செலுத்தி, இணையத்திலேயே டிராஃபிக் ஸ்கூலை முடிக்கலாம். இந்த 18 மாதம் ஒரு மீறல் நடந்த தேதியிலிருந்து அடுத்த மீறல் நடந்த தேதிவரை எண்ணப்படுகிறது. பள்ளியை முடித்தால் அந்தத் தீர்ப்பு ரகசியமாக வைக்கப்பட்டு, காப்பீட்டு நிறுவனத்தின் கண்ணில் படாமல் போகும். நெடுஞ்சாலையில் நீங்கள் உண்மையிலேயே 78 மைலில் போனீர்கள், 22349 எழுதப்பட்டிருக்கிறது, பள்ளிக்குப் போகும் தகுதியும் இருக்கிறது என்றால், என் கருத்தில் பள்ளிதான் உறுதியான வழி. அந்த வாய்ப்பை அண்மையில் பயன்படுத்திவிட்டவருக்கும், டிக்கெட்டில் உண்மையான குறை இருப்பவருக்கும்தான் வழக்கு பொருந்தும். தோற்ற பிறகு பள்ளிக்கு அனுமதிப்பது நீதிபதியின் விருப்புரிமை என்பதால், வழக்கைத் தொடங்கும் முன்பே உங்கள் நீதிமன்றத்தின் நடைமுறையை எழுத்தரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: சாலையின் ஆய்வறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்

22350 டிக்கெட் வாங்கியவர்களுக்கு இதுவே மிகப் பயனுள்ள படி, ஆனால் புதியவர்கள் கேள்விப்பட்டிராததும் இதுதான். ஒரு நகரம் தன் சாலையில் 35 அல்லது 40 மைல் என்று பலகை வைத்துவிட்டு, ராடாரோ லேசர் கருவியோ கொண்டு வண்டிகளைப் பிடிக்க வேண்டுமானால், அந்த வரம்பு நியாயமானதுதான் என்று காட்டும் பொறியியல் மற்றும் போக்குவரத்து ஆய்வு அதற்கு இருக்க வேண்டும். அந்த ஆய்வு பொதுவாக 5 ஆண்டுகளுக்குள் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். காவலரின் ராடார் பயிற்சியும் கருவியின் அளவுத்திருத்தமும் சட்டம் சொல்லும்படி இருந்தால் 7 ஆண்டுகள் வரையும், சாலையில் பெரிய மாற்றமில்லை என்று பொறியாளர் மதிப்பிட்டுச் சொன்னால் அதற்கு மேலும் செல்லும். ஆய்வே இல்லாவிட்டாலோ காலாவதியாகிவிட்டிருந்தாலோ, 40802-ஆம் பிரிவின்படி அது 'வேகப் பொறி' ஆகிவிடும். அப்படித் திரட்டிய வேகச் சான்றை நீதிமன்றம் ஏற்கக் கூடாது.

ஆய்வறிக்கையைப் பெறுவது கடினமல்ல. நகரத்தின் பொதுப்பணித் துறைக்கோ போக்குவரத்துப் பொறியியல் பிரிவுக்கோ, பொது ஆவணங்கள் சட்டத்தின் கீழ் இன்ன சாலையின் இன்ன பகுதிக்கான ஆய்வறிக்கை வேண்டும் என்று மின்னஞ்சல் அனுப்பினால் போதும். வந்ததும் தேதியைப் பாருங்கள், உங்களைப் பிடித்த இடம் அதில் அடங்குகிறதா என்று பாருங்கள், பிறகு 85-ஆம் விழுக்காட்டு வேகம் என்ற வரியைத் தேடுங்கள். நூறு வண்டிகளில் 85 வண்டிகள் அந்த வேகத்திலோ அதற்குக் குறைவாகவோ சென்றன என்பது அதன் பொருள். உங்கள்மேல் சாட்டப்பட்ட வேகம் அந்த எண்ணுக்கு அருகில் இருந்தால், நீங்கள் மற்றவர்களைப் போலத்தான் ஓட்டினீர்கள் என்று காட்ட நகரத்தின் ஆவணமே உதவுகிறது.

பள்ளிக்கூடப் பகுதிகளுக்கும், குடியிருப்புகளுக்கு நடுவே செல்லும் சிறு உள்ளூர்ச் சாலைகளுக்கும் இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. காவலர் ராடார் இல்லாமல் பின்தொடர்ந்து வந்தே வேகத்தை அளந்திருந்தால், ஆய்வு இல்லை என்ற வாதம் எடுபடாது.

ஐந்தாம் படி: எழுத்து மூலம் விசாரணை

கலிபோர்னியாவில் நீதிமன்றத்துக்குப் போகாமலேயே வழக்காட முடியும். டிஆர்-205 என்ற படிவத்தை நிரப்பி, உங்கள் வாக்குமூலத்தையும் சான்றுகளையும் இணைத்து, கடைசித் தேதிக்குள் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். அத்துடன் பிணைத்தொகையாக அபராதம் முழுவதையும் செலுத்த வேண்டும். நீங்கள் வென்றால் அது திரும்பக் கிடைக்கும். டிக்கெட் எழுதிய காவலரும் தம் தரப்பை எழுத்தில் தர வேண்டும். அவர் எதுவும் அனுப்பாவிட்டால் பொதுவாக வழக்கு உங்கள் பக்கமே முடிகிறது.

வாக்குமூலம் ஆங்கிலத்தில், ஒரு பக்கத்துக்குள், நிதானமான நடையில் இருக்கட்டும். முதல் பத்தியில் நாள், நேரம், சாலை, பிரிவு ஆகியவற்றையும், குற்றத்தை மறுக்கிறேன் என்பதையும் சொல்லுங்கள். அடுத்து ஆய்வறிக்கையில் கண்ட குறையைத் தேதியோடு எடுத்துக்காட்டி, அறிக்கையை இணைப்பாகச் சுட்டுங்கள். அதன்பின் அன்றைய சூழலை விவரியுங்கள்: ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணி, உலர்ந்த சாலை, தெளிவான வெயில், பக்கத்துக்கு இரண்டு தடங்கள், நடந்து செல்வோர் யாருமில்லை என்பது போல, ஒவ்வொன்றும் உண்மையாகவும் முடிந்தவரை புகைப்படத்தோடும் இருக்க வேண்டும். வேலைக்குத் தாமதமானது, வண்டியில் குழந்தை அழுதது போன்ற காரணங்கள் நீங்கள் வேகமாகச் சென்றதை உறுதிப்படுத்துமே தவிர வேறெதற்கும் உதவாது. பொய்யாணைக்கான தண்டனைக்கு உட்பட்டுக் கையெழுத்திடுகிறீர்கள் என்பதால், நினைவில்லாததை நினைவிருப்பதாக எழுதாதீர்கள். 22349 வழக்கில் 'எழுபதில்தான் போனேன்' என்று எழுதுவது 65 மைல் வரம்பை மீறியதை நீங்களே ஒப்புக்கொள்வதாகும். காவலர் வேகத்தை எப்படி அளந்தார், கருவி எப்போது சோதிக்கப்பட்டது, அடுத்த தடத்து வண்டியை உங்களுடையதாக நினைத்திருக்க முடியுமா என்ற கேள்விகளோடு அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அனுப்பிய எல்லாவற்றுக்கும் நகல் வைத்துக்கொண்டு, பெற்றதற்கான ஒப்புகை வரும் வகையில் அனுப்புங்கள்.

ஆறாம் படி: தோற்றால் இன்னொரு வாய்ப்பு

எழுத்து மூலம் தோற்றாலும், முடிவு தபாலில் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 20 நாட்களுக்குள் டிஆர்-220 படிவத்தைத் தாக்கல் செய்தால், முந்தைய தீர்ப்பு ஒதுக்கப்பட்டு, முதலிலிருந்து நேரடி விசாரணை நடக்கும். இப்போது காவலர் எழுத்தில் என்ன சொன்னார் என்பதை நீதிமன்றக் கோப்பில் பார்த்துவிட்டுத் தயாராகலாம் என்பது பெரிய நன்மை. அன்று காவலர் வராவிட்டால் வழக்கைத் தள்ளுபடி செய்யக் கோருங்கள். வந்தால், ஆய்வறிக்கையைக் கொண்டுவந்திருக்கிறாரா, ராடார் பயிற்சிச் சான்று உண்டா, அளவுத்திருத்தம் எப்போது நடந்தது என்று சுருக்கமாகக் கேளுங்கள். நீதிபதியை விளித்தே பேசுங்கள். ஆங்கிலத்தில் விசாரணையைப் பின்தொடரத் தடுமாறும் பெற்றோருக்கோ உறவினருக்கோ தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால், நீதிமன்றத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

ஏழாம் படி: முடிவுக்குப் பிறகு

வென்றால் பிணைத்தொகை காசோலையாகத் திரும்பும். ஒரு மாதம் கழித்து, ஓட்டுநர் பதிவுகளை வைத்திருக்கும் மாநில மோட்டார் வாகனத் துறையின் (டிஎம்வி) இணையதளத்தில் சிறு கட்டணம் செலுத்தி உங்கள் ஓட்டுநர் பதிவை எடுத்து, பாயிண்ட் ஏறவில்லை என்பதை உறுதிசெய்யுங்கள். தவறாக ஏறியிருந்தால் தீர்ப்பின் நகலோடு நீதிமன்ற எழுத்தரை அணுகித் திருத்தச் சொல்லுங்கள். டிராஃபிக் ஸ்கூல் சென்றவர்களும் இதைச் செய்ய வேண்டும், ஏனெனில் பள்ளி முடித்த தகவல் சரியாகப் பதிவாகாவிட்டால், பணமும் நேரமும் செலவழித்த பின்னும் அந்தத் தீர்ப்பு காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரியும். புதுப்பிப்புக் கடிதம் வரும் மாதத்துக்கு முன்பே இந்தச் சரிபார்ப்பை முடித்துவிடுங்கள்.