கருவாட்டு விலையும் ஊர்ச் செய்தியும் ஒரே குரூப்பில் வேண்டாம்: வீட்டிலிருந்து விற்பவர்களுக்கு ஒரு செய்முறை

திருகோணமலையில் வீட்டில் இருந்தபடி ஏதாவது விற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கருவாடு, கேக், சட்டை தையல், நிலாவெளிப் பக்கம் அறை வாடகை, எதுவானாலும் சரி. அக்காவின் கருவாட்டு வியாபாரத்துக்கு வாட்ஸ்அப், பேஸ்புக் எல்லாம் அமைத்துக் கொடுத்தது நான். எங்கள் பகுதிக் குரூப்பிலும் நான் ஒரு அட்மின். இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அறிவிப்புப் போட ஓர் இடம், விலை பேச ஓர் இடம், ஊர் பேச ஓர் இடம் என்று முதல் நாளே பிரித்து விடுங்கள். வரப்போகும் சண்டையில் பாதி அங்கேயே நின்றுவிடும்.

ஆப் இறக்குவது, கணக்குத் திறப்பது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேரே போகிறேன். நான் சொல்லும் மெனு அண்ட்ரொய்ட் போனுக்கு உரியது.

படி 1: வியாபாரத்துக்குத் தனி நம்பர்

வாட்ஸ்அப் பிஸ்னஸ் என்று தனி ஆப் இருக்கிறது, இலவசம். சாதாரண வாட்ஸ்அப்பும் இதுவும் ஒரே போனில் இருக்கலாம். ஆனால் ஒரே நம்பர் இரண்டிலும் ஓடாது. இன்னொரு சிம் வாங்குங்கள். சொந்த நம்பரிலேயே செய்கிறேன் என்று நிற்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: இரவு பதினொரு மணிக்கு "நெத்தலி இருக்கா" என்று வரும் மெசேஜும், கனடாவில் இருக்கும் மாமியின் மெசேஜும் ஒரே பெட்டியில் கிடக்கும்.

நம்பர் ஏறியவுடன், வேறு எதையும் தொடாமல், செட்டிங்ஸில் அக்கவுண்ட் என்ற இடத்துக்குப் போய் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். 6 இலக்க இரகசிய எண் கேட்கும். "தவறுதலாக உங்களுக்கு ஒரு கோட் வந்துவிட்டது, அனுப்பிவிடுங்கோ" என்று தெரிந்தவர் நம்பரிலிருந்தே மெசேஜ் வரும். அது உங்கள் நம்பரை இன்னொரு போனில் திறக்க எஸ்எம்எஸ்ஸில் வரும் கோட். அனுப்பினால் கணக்குப் போய்விடும். அடுத்து உங்கள் பெயரில் உங்கள் வாடிக்கையாளர்களிடம் காசு கேட்பார்கள். அந்தக் கோட் யாருக்கும் இல்லை, சொந்தத் தம்பிக்கும் இல்லை.

படி 2: கட்டலொக்

டூல்ஸ் என்ற பகுதியில் கட்டலொக், அதாவது பொருள் பட்டியல், இருக்கும். ஒரு வகைக்கு ஒரு பதிவு: நெத்தலி, கட்டா, பாரை, திருக்கை. படம், நிறை, விலை. படத்தைக் காலை வெளிச்சத்தில், வெள்ளைத் துணியில் வைத்து எடுங்கள். பக்கத்தில் ஒரு தீப்பெட்டியும் வையுங்கள். "எவ்வளவு பெரிசு" என்று கேட்டு வரும் மெசேஜ் அதோடு நின்றுவிடும். பூவும் மின்னலும் போட்ட போஸ்டர் எனக்குப் பிடிக்காது. கருவாடு வாங்குகிறவருக்குக் கருவாடுதான் தெரிய வேண்டும்.

விலையை எழுதுங்கள். "விலை இன்பொக்ஸ்" என்று போடும் பழக்கம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. கேட்கிற ஆளைப் பார்த்து விலை சொல்கிறார்கள் என்றுதான் வாசிக்கிறவர் நினைப்பார். ஊர் சின்னது. ஒருவருக்குச் சொன்ன விலை அடுத்த நாள் சந்தையில் இன்னொருவருக்குத் தெரியும்.

வாடைக் காற்றுக் காலத்தில், கார்த்திகை மார்கழி மழையில், காய வைக்க வெயில் இல்லை. சில வகை கிடைக்காது. அந்தப் பதிவை அழிக்க வேண்டாம். மறைத்து வைக்கும் வசதி இருக்கிறது, வெயில் வந்ததும் திறந்து விடலாம்.

புரொஃபைலில் முகவரி கேட்கும். பெண்கள் தனியாக இருக்கும் வீடென்றால் ஊர்ப் பெயர் மட்டும் போதும்.

படி 3: தானாகப் போகும் பதில்

முதல் முறை எழுதுகிறவருக்கும், 14 நாள் பேச்சில்லாமல் இருந்துவிட்டு எழுதுகிறவருக்கும் வரவேற்புச் செய்தி தானாகப் போகும். பலர் அதில் "அன்பார்ந்த வாடிக்கையாளரே" என்று தொடங்கி வங்கிக் கடிதம் மாதிரி எழுதிவிடுகிறார்கள். அக்காவுக்கு எழுதிக் கொடுத்தது இது, அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"வணக்கம். இப்ப இருக்கிற வகையும் விலையும் கட்டலொக்கில இருக்கு. எந்த வகை, எத்தனை கிராம், எந்த ஊருக்கு என்று மூன்றையும் எழுதுங்கோ. பின்னேரம் 6 மணிக்குள்ள பதில் போடுவம்."

நேரம் சொன்னால் அந்த நேரத்துக்குள் பதில் போக வேண்டும், அவ்வளவுதான். அடிக்கடி எழுத வேண்டியதை, வங்கிக் கணக்கு விபரம், பார்சல் செலவு போன்றவற்றை, விரைவுப் பதிலாகச் சேமித்து வைத்தால் சாய்கோடு போட்டவுடன் வந்து நிற்கும்.

படி 4: அறிவிப்பு போய்ச் சேருவது

ஆக அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான், நானும் இங்கேதான் நின்றேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புதுச் சரக்கு வந்தால் எல்லாருக்கும் சொல்ல புரோட்காஸ்ட் லிஸ்ட் இருக்கிறது. ஒரு லிஸ்டில் 256 பேர் வரை போடலாம். நீங்கள் ஒரு தடவை எழுதினால் ஒவ்வொருவருக்கும் தனி மெசேஜாகப் போகும், மற்றவர் யார் என்று யாருக்கும் தெரியாது. கேட்க அருமையாக இருக்கும். போட்டுப் பார்த்தால் பதில் எழுதுகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஏனென்றால் உங்கள் நம்பரைத் தன் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுந்தான் அந்த மெசேஜ் போகும். நீங்கள் அவர் நம்பரைப் பதிந்தது போதாது, அவரும் பதிய வேண்டும். அனுப்பிய மெசேஜை அழுத்திப் பிடித்து விபரத்தைத் திறந்தால் யாருக்குப் போனது என்ற பட்டியல் வரும். அதில் பெயர் இல்லாதவர்கள் பெரும்பாலும் உங்களைப் பதியாதவர்கள். ஸ்டேட்டஸும் இப்படித்தான்: இரண்டு பக்கமும் பதிந்திருந்தால்தான் தெரியும்.

அதனால் பார்சல் கொடுக்கும்போதே சொல்லுங்கள்: "நம்பரை சேவ் பண்ணி வையுங்கோ, புதுச் சரக்கு வந்தா மெசேஜ் போடுறன்." பார்சலுக்குள் போடும் துண்டிலும் இதையே எழுதுங்கள். வேண்டாம் என்றவரை லிஸ்டில் போடாதீர்கள்.

சிலர் இந்தத் தொல்லை எதற்கு என்று ஒரு குரூப் திறந்து, போனில் இருக்கிற எல்லாரையும் கேட்காமல் சேர்த்து விடுகிறார்கள். இதைத்தான் நான் கடுமையாக எதிர்க்கிறேன். குரூப்பில் சேர்த்தவுடன் ஒவ்வொருவர் நம்பரும் மற்ற எல்லாருக்கும் தெரியும். கருவாடு வாங்க வந்த பெண்ணுக்கு யாரோ ஒருவன் இரவில் "ஹாய்" போடுவான். அவர் உங்களிடம் சொல்ல மாட்டார். சத்தமில்லாமல் விலகி விடுவார். அடுத்த முறை வாங்கவும் மாட்டார். ஒருவர் ஓடருக்காகத் தந்த நம்பர் ஓடருக்கு மட்டுந்தான். இலங்கையில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென்று 2022இல் சட்டமே நிறைவேற்றி இருக்கிறார்கள். சட்டம் இல்லாவிட்டாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறது.

256ஐத் தாண்டினால் வாட்ஸ்அப்பிலேயே சனல் திறக்கலாம், நீங்கள் போடுவதை மற்றவர்கள் பின்தொடர்ந்து பார்க்கும் இடம் அது. சனலைப் பின்தொடர்கிறவர்கள் ஒருவர் நம்பரை ஒருவர் பார்க்க முடியாது, உங்கள் நம்பரும் அவர்களுக்குத் தெரியாது. குறை என்னவென்றால் அது அப்டேட்ஸ் பக்கத்தில் ஒளிந்திருக்கும். வயதானவர்கள் அந்தப் பக்கம் போவதே இல்லை. என்னுடைய ஏற்பாடு: ஊரில் உள்ள பழைய வாடிக்கையாளருக்கு புரோட்காஸ்ட், கொழும்பிலும் வெளிநாட்டிலும் உள்ளவர்களுக்குச் சனல்.

படி 5: பேஸ்புக் பேஜ்

சொந்தப் புரொஃபைலில் விற்காதீர்கள். அதில் 5000 நண்பர்களுக்கு மேல் சேராது. பேஜ் திறந்து, வாட்ஸ்அப் பட்டனை இணைத்து, உங்களைத் தவிர வீட்டில் இன்னொருவருக்கும் நிர்வாக உரிமை கொடுங்கள். காசு கட்டிப் பதிவை நிறையப் பேருக்குக் காட்டும் பூஸ்ட்டை ஆரம்பத்தில் மறந்து விடுங்கள்.

படி 6: எந்த நாள், எந்த நேரம்

"பின்னேரம் ஏழு மணிக்குப் போட்டால் நிறையப் பேர் பார்ப்பார்கள்" என்று பொதுவாகச் சொல்வார்கள். நம் ஊருக்கு அது போதாது. வெள்ளிக்கிழமை சைவக்காரர் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் இல்லை. கந்தசஷ்டி, நவராத்திரி, புரட்டாதிச் சனி, கோணேசர் கோவில் கொடியேறிய நாட்கள் எல்லாம் அப்படியே. அன்றைக்கு பொரித்த கருவாட்டுப் படம் போட்டால் விற்பனையும் இல்லை, விரதக்காரர் முகஞ்சுளிப்பதுதான் மிச்சம். கிண்ணியா, மூதூர் வாடிக்கையாளருக்கு வெள்ளி மதியம் ஜும்ஆ நேரத்தில் அழைப்பு எடுக்காதீர்கள். நோன்பு காலத்தில் ஓடர் தராவீஹ் என்ற இரவுத் தொழுகை முடிந்த பிறகுதான் வரும், அதனால் 'இப்போது ஆளில்லை' என்று தானாகப் போகும் செய்தியின் நேரத்தை அந்த மாதத்துக்கு மாற்றி வையுங்கள். சிங்கள வாடிக்கையாளர் பலருக்குப் போயா, அதாவது பூரணை நாள், அப்படி. இதையெல்லாம் ஒரு சுவர்க் கலண்டரில் குறித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது சனி பின்னேரம். ஞாயிறு சமையலுக்கு வாங்குகிறவர்கள் அப்போதுதான் யோசிக்கிறார்கள்.

அறை வாடகைக்காரருக்குக் கணக்கு வேறு. சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை கடல் அமைதி, அதுதான் சீசன். படம் போடும்போது ஒன்று: புறாத்தீவு 2003இலிருந்து தேசிய பூங்கா. விருந்தினர் பவளப் பாறை மேல் ஏறி நிற்கும் படத்தைப் போட்டு, வாருங்கள் என்று கூப்பிடாதீர்கள். பிரெட்ரிக் கோட்டைக்குள் மானுக்கு பிஸ்கட் பக்கெட்டோடு தீனி நீட்டும் படமும் வேண்டாம். அதே கோட்டையில் இராணுவ முகாம் இருக்கிறது, அதுவும் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 7: ஊர்க் குரூப்

இங்கே விற்கத்தான் கூடாது என்றில்லை. எங்கள் பகுதிக் குரூப்பில் சனிக்கிழமை மட்டும் விற்பனைப் பதிவு, ஆளுக்கு ஒன்று. மற்ற நாளில் போட்டால் அட்மின் எல்லாருக்கும் அழியும்படி நீக்கலாம், நீக்குவோம். எனக்கு அக்காவானாலும் அதே சட்டந்தான். ஒருமுறை அவர் பதிவை நீக்கியதற்கு இரண்டு நாள் கதைக்கவில்லை.

புதிதாகச் சேருகிறவரை அட்மின் அனுமதித்தால்தான் உள்ளே வரலாம் என்ற அமைப்பைப் போடுங்கள். வாட்ஸ்அப்பை விட்டு பேஸ்புக்கில் குரூப் நடத்தினால் மூன்று கேள்வி வரை கேட்டுச் சேர்க்கலாம். "எந்தப் பகுதி, யார் சொல்லி வந்தீர்கள்" என்ற இரண்டு போதும், போலிக் கணக்குகள் பதில் எழுதாமலே நிற்கும்.

மழைக் காலத்தில் "கடல் உள்ளே போயிட்டுதாம், சுனாமி வருதாம்" என்று ஒரு குரல் பதிவு வரும். யார் பேசியது, எந்த வருடம், எந்த நாடு எதுவும் இராது. 2004ஐப் பார்த்த கரையில் அதை யாரும் விளையாட்டாக எடுப்பதில்லை, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அப்படி வந்தால் குரூப்பை உடனே "அட்மின் மட்டும் எழுதலாம்" என்று மாற்றுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுத்துக் கேளுங்கள். அவர்கள் சொன்னதை, கேட்ட நேரத்தோடு எழுதுங்கள். அதன்பிறகு குரூப்பைத் திறந்து விடுங்கள்.

உங்கள் பொருளைப் பற்றி அங்கேயே யாராவது குறை எழுதினால், எல்லாரும் பார்க்க ஒரே ஒரு பதில்: "படம் அனுப்புங்கோ அண்ணா, பார்த்து மாத்தித் தாறம்." மிச்சத்தைத் தனியே பேசுங்கள். பேசி முடிந்த பிறகு, என்ன செய்து கொடுத்தீர்கள் என்று குரூப்பில் ஒரு வரி போடுங்கள். பலர் இந்தக் கடைசி வரியை விட்டுவிடுகிறார்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு குறை மட்டுமே ஞாபகம் நிற்கும்.

படி 8: கொப்பி

2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் இலங்கையில் சமூக ஊடகங்களை முடக்கினார்கள். 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் உலகம் முழுக்க மணிக்கணக்கில் விழுந்து கிடந்தன. வாடிக்கையாளர் பெயர், நம்பர், கடைசியாக வாங்கியது ஆகிய மூன்றையும் ஒரு சீஆர் கொப்பியில் எழுதி வையுங்கள். அப்படியான நாளில் சாதாரண அழைப்பு எடுத்து வியாபாரம் பண்ணலாம். எந்த ஆப்பையும் விட எனக்குக் கொப்பியில்தான் நம்பிக்கை.

பின்சேர்க்கை

இதை வாசித்துவிட்டு வந்த கேள்விகளில் சில. கணினியில் தட்டச்சுச் செய்து ஒட்டினால் எழுத்து ஆங்கிலக் குப்பையாக வருகிறது என்று ஒருவர் கேட்டார். அது பாமினி என்ற பழைய வகை எழுத்துருவில் அடித்தது, போனில் தமிழாகத் தெரியாது. யுனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். இல்லாவிட்டால் போனில் கூகுளின் ஜிபோர்ட் விசைப்பலகையில் தமிழ்க் குரல் உள்ளீட்டைப் போட்டுப் பேசுங்கள், நான் அதைத்தான் பாவிக்கிறேன். அறை வாடகைக்கு இன்ஸ்டகிராம் வேண்டுமா என்று உப்புவெளியில் இருந்து கேள்வி: வேண்டும், கூகுள் மெப்பில் இடத்தைப் பதிவதை முதலில் செய்துவிட்டு. சிங்களத்தில் போட இயந்திர மொழிபெயர்ப்புப் போதுமா என்றால், போட முன் சிங்களம் தெரிந்த ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். மீன் பெயர்களில்தான் அது கவிழ்த்துவிடும்.

இன்னொன்று பலருக்கும் நடந்திருக்கிறது: காசு போட்டாச்சு என்று வங்கித் துண்டின் ஸ்கிரீன்ஷொட் வரும், பார்சல் போன பிறகு பார்த்தால் காசு இல்லை. படத்தை நம்பிப் பார்சல் கட்டாதீர்கள். வங்கி ஆப்பைத் திறந்து உங்கள் கணக்கில் தொகை ஏறிவிட்டதா என்று பாருங்கள். "காசு வந்ததும் அனுப்புறம்" என்பதையும் ஒரு விரைவுப் பதிலாகச் சேமித்து வைத்தால், ஒவ்வொரு முறையும் சங்கடப்பட்டுக்கொண்டு எழுத வேண்டியதில்லை.